டிம்மா, பிரைட்டா, இருட்டா? வண்டி ஹெட்லைட்டை நாமே பார்க்கலாம்



சேமிப்பு, உள்கடன், வட்டிக் கணக்கு, தீர்மான நோட்டு என்று இந்தப் பாடப் பக்கத்தில் எவ்வளவோ படித்துவிட்டோம். இந்த மாதப் பாடம் வண்டி ஹெட்லைட்டைப் பற்றியது. "நமக்கு எதுக்கு இந்தப் பாடம்? அதெல்லாம் டிரைவரும் மெக்கானிக்கும் பாத்துக்கிடுவாவ" என்று சில அக்காமார் சொல்லலாம். கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

உங்கள் ஊரில் குழுக் கடனிலோ வங்கிக் கடனிலோ வாங்கிய வண்டிகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். வாழைத்தார் ஏற்றும் குட்டி யானை, பால் கேன் தூக்கும் மொபெட், பத்தமடைப் பாயும் காருகுறிச்சிப் பானையும் சந்தைக்குக் கொண்டுபோகும் லோடு ஆட்டோ, வாடகைக்கு ஓடும் கார். சில வண்டிகளை நம் உறுப்பினர்களே ஓட்டுகிறார்கள். சிலவற்றை வீட்டுக்காரரோ மகனோ ஓட்டுகிறார். யார் ஓட்டினாலும் கடன் பத்திரத்தில் கையெழுத்து நம்முடையது. வண்டி ஒரு நாள் நின்றால் வருமானம் நிற்கும், தவணை நிற்காது.

ஹெட்லைட் ஏன் முக்கியம்?

நம் தாமிரபரணிப் பக்கத்துப் பிழைப்பில் பாதி வேலை இருட்டில்தான் நடக்கிறது. காய், பூ, வாழைத்தார் எல்லாம் விடியும் முன்பே சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும். பிசான அறுவடை நேரத்தில் நெல் ஏற்றி இறக்க இரவு பத்து மணி ஆகிவிடும். பாபநாசம், மணிமுத்தாறு பக்கம் மலையடிவார ரோட்டில் காட்டுப் பன்றி குறுக்கே ஓடும். நெல்லையிலிருந்து நாகர்கோவில் போகும் நாலு வழிச் சாலையில் லாரி லைட் போடாமல் ஓரமாக நிற்கும். இதையெல்லாம் நமக்குக் காட்டுவது அந்த இரண்டு விளக்குகள்தான்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ம் ஆண்டில் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன. அவற்றில் 17,884 பேர் இறந்துபோனார்கள். இந்தியா முழுவதும் எடுத்துப் பார்த்தால் மாலை 6 மணி முதல் 9 மணி வரை உள்ள நேரத்தில்தான் விபத்துகள் அதிகம். அது நாம் வேலை முடித்து ரோட்டோரமாக நடந்து வீடு திரும்பும் நேரம். ஆகவே ஹெட்லைட் வண்டிக்காரர் பிரச்சினை மட்டும் இல்லை, நடந்து போகிறவர் பிரச்சினையும்தான்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 14 மீட்டர் ஓடிவிடும். ஆளைப் பார்த்து, மனதில் பட்டு, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி ஆகும். அதற்குள் 21 மீட்டர் போய்விட்டது. பிறகு பிரேக் பிடித்து நிற்க வேண்டும். மழையில் நனைந்த ரோடு என்றால் மொத்தம் 45 மீட்டர் பக்கம் வந்துவிடும். மங்கலான லைட்டில் 20 மீட்டர்தான் தெரிகிறது என்றால், ஆள் கண்ணில் படும்போதே காலம் கடந்துவிட்டது.

1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் இதைத்தான் கேட்கின்றன. இருட்டில் ஓடும் வண்டியின் விளக்கு, முன்னால் 155 மீட்டர் தூரத்தில் உள்ள ஆளையும் வண்டியையும் தெளிவாகக் காட்ட வேண்டும்.

"ஒரு லைட்டுதான எரியல, இன்னொண்ணு இருக்குல்லா" என்பது தவறான எண்ணம். ஒற்றை லைட்டோடு வரும் குட்டி யானையை எதிரே வருகிறவர் பைக் என்று நினைத்துவிடுவார். பைக்குக்கு விடும் இடத்தைத்தான் விடுவார். வலது பக்க லைட் எரியாத வண்டிக்கு இந்த ஆபத்து ரொம்ப அதிகம்.

கரண்டும் கால்வாய்த் தண்ணியும்

ஹெட்லைட் எப்படி எரிகிறது என்று புரிந்துகொள்ள நமக்குப் பெரிய படிப்பு தேவையில்லை. கன்னடியன் கால்வாய் நமக்குத் தெரியும். அணைக்கட்டிலிருந்து தண்ணீர் புறப்படுகிறது. தலைமடையைத் தாண்டிக் கால்வாயில் ஓடுகிறது. கிளை பிரிந்து ஒவ்வொரு வயல் மடைக்கும் வருகிறது.

ஒரு வயல் மட்டும் காய்ந்து கிடந்தால் எங்கே போய்ப் பார்ப்போம்? அந்த வயலின் மடையில். எல்லா வயலும் காய்ந்து கிடந்தால்? கிளை பிரிவதற்கு மேலே, தலைமடைப் பக்கம் போய்ப் பார்ப்போம். இந்தப் பாடத்தின் சாரமே இதுதான்.

வண்டியில் பேட்டரிதான் அணைக்கட்டு. அங்கிருந்து கரண்ட் ஃபியூஸ், சுவிட்ச், ரிலே வழியாக வந்து இடது, வலது என்று இரண்டாகப் பிரிகிறது. பிறகு பிளக் வழியாகப் பல்புக்குள் போகிறது. (சில வண்டிகளில் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி ஃபியூஸ் இருக்கும்.) ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. வயலுக்கு வந்த தண்ணீர் அங்கேயே நின்றுவிடலாம். கரண்ட் நிற்காது. பல்பைத் தாண்டி வண்டியின் இரும்பு உடம்பு வழியாகப் பேட்டரிக்குத் திரும்பிப் போக வேண்டும். அந்தத் திரும்பும் வழிக்குப் பெயர்தான் எர்த். எர்த் ஒயர் துருப்பிடித்தாலும் லைட் எரியாது, அல்லது மங்கலாக எரியும்.

இன்னொன்றையும் தெளிவாக்கிக்கொள்வோம். நாம் பேச்சில் "பல்பு ஃபியூஸ் போயிட்டு" என்று சொல்கிறோம். பல்பு வேறு, ஃபியூஸ் வேறு. பல்புக்குள் உள்ள மெல்லிய கம்பி அறுந்தால் பல்பு போனது. ஃபியூஸ் என்பது டேஷ்போர்டுக்குக் கீழே அல்லது பேட்டரி பக்கத்தில் உள்ள பெட்டியில் செருகியிருக்கும் சின்ன பிளாஸ்டிக் துண்டு. அளவுக்கு மேல் கரண்ட் போனால் அது தன்னை எரித்துக்கொண்டு ஒயரைக் காப்பாற்றும். கடையில் கேட்கும்போது எது வேண்டும் என்று சரியாகச் சொல்லுங்கள்.

நம் ஊர் குட்டி யானை, பழைய கார், வேன் பலவற்றில் எச்-4 என்ற ஹாலஜன் பல்பு இருக்கும். 12 வோல்ட், 60/55 வாட் என்று அதன் அடிப்பகுதியில் எழுதியிருக்கும். ஒரே பல்புக்குள் இரண்டு கம்பிகள். 60 வாட் பிரைட்டுக்கு, 55 வாட் டிம்முக்கு. பின்னால் மூன்று பின் இருக்கும். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று, பொதுவாக எர்த்துக்கு ஒன்று.

கையில் இருக்க வேண்டியவை

ஸ்குரூ டிரைவர் (நட்சத்திர முனை, தட்டை முனை), சுத்தமான பருத்தித் துணி, ஒரு ஜோடி கையுறை, உப்புத்தாள் ஒரு துண்டு, மாற்று பல்பு, மாற்று ஃபியூஸ், செல்போன் டார்ச். இவற்றோடு டெஸ்ட் லேம்ப் ஒன்று. டெஸ்ட் லேம்ப் என்பது 12 வோல்ட் சின்னப் பல்பில் இரண்டு ஒயர் இணைத்தது. ஒரு முனையை வண்டியின் பெயிண்ட் இல்லாத இரும்பில் கிளிப் போட்டு, மறுமுனையால் தொட்டால் கரண்ட் வருகிற இடத்தில் எரியும். ஸ்பேர் பார்ட்ஸ் கடை அண்ணாச்சியிடம் கேட்டால் விலை குறைவாகவே கிடைக்கும்.

தொடங்கும் முன் கவனம்:

1. இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து, ஹேண்ட் பிரேக் போடுங்கள்.
2. கழுத்துச் சங்கிலியைச் சேலைக்குள் செருகிக்கொள்ளுங்கள். உலோக வளையலைக் கழற்றி வையுங்கள். பேட்டரி முனையும் வண்டி இரும்பும் வளையலால் ஒன்று சேர்ந்தால் வளையல் பழுத்துக் கை வெந்துவிடும்.
3. முந்தானையையும் துப்பட்டாவையும் இழுத்துச் செருகுங்கள். தலைமுடியைக் கொண்டை போடுங்கள்.
4. எரிந்துகொண்டிருந்த ஹாலஜன் பல்பு தீயாகச் சுடும். கால் மணி நேரமாவது ஆற விடுங்கள்.
5. பேட்டரி பக்கத்தில் தீக்குச்சி, மண்ணெண்ணெய் விளக்கு கூடவே கூடாது. பேட்டரியிலிருந்து வரும் வாயு தீப்பிடிக்கும்.

எங்கே கோளாறு? கண்டுபிடிக்கும் முறை

பக்கத்தில் ஒருவரை நிறுத்திக்கொண்டு டிம், பிரைட் இரண்டையும் போட்டுப் பாருங்கள். எந்தப் பக்கம், எது எரியவில்லை என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு கீழே உள்ளதோடு ஒப்பிடுங்கள்.

ஒரு பக்கத்தில் டிம் மட்டும் இல்லை, பிரைட் எரிகிறது: அநேகமாக அந்தப் பல்பின் டிம் கம்பி அறுந்துவிட்டது. பல்பு மாற்ற வேண்டும். டிம் அதிகம் போடுவதால் அதுதான் முதலில் போகும்.

ஒரு பக்கத்தில் இரண்டும் இல்லை: பல்பு, பிளக், அந்தப் பக்க எர்த். இந்த வரிசையில் பாருங்கள்.

இரண்டு பக்கமும் இல்லை: முதலில் ஹாரன் அடித்துப் பாருங்கள். ஹாரனும் வேலை செய்யவில்லை என்றால் பேட்டரி அல்லது பேட்டரி முனைகள். ஹாரன் அடித்தால் ஃபியூஸ், ரிலே, சுவிட்ச். இரண்டு பல்பும் ஒரே நேரத்தில் போவது அபூர்வம். ஆனால் ஒன்று போய் நாம் கவனிக்காமல் இருந்து, பிறகு இன்னொன்றும் போயிருக்கலாம்.

இரண்டும் மங்கல்: இன்ஜினைக் கூட்டினால் வெளிச்சம் கூடி, குறைத்தால் குறைகிறதா? பேட்டரி அல்லது சார்ஜிங் கோளாறு. அதற்கு எலக்ட்ரீஷியன் வேண்டும். அப்படி இல்லாவிட்டால் எர்த் துரு, பிளக் தளர்வு, அல்லது கண்ணாடி மஞ்சளித்திருப்பது.

டிம் போட்டால் டிம்மும் பிரைட்டும் சேர்ந்து லேசாக எரிகிறது: எர்த் சரியில்லை. திரும்பிப் போக வழி கிடைக்காத கரண்ட் வேறு கம்பி வழியாகப் போகப் பார்க்கிறது.

பல்பு மாற்றி மாற்றிப் போகிறது: சார்ஜிங் வோல்ட் அதிகமாக இருக்கலாம். பல்பு சரியாக உட்காராமல் ஆடலாம். அல்லது மாட்டும்போது விரலால் கண்ணாடியைத் தொட்டிருக்கலாம்.

காசில்லாத சோதனை: பல்பை மாற்றிப் போடுவது

ஒரு பக்கம் எரியாதபோது, இடது பல்பை வலதிலும் வலது பல்பை இடதிலும் மாற்றிப் போடுங்கள். கோளாறு பல்போடு சேர்ந்து அடுத்த பக்கம் போனால் பல்புதான் குற்றவாளி. கோளாறு அதே பக்கத்தில் நின்றால் பல்பு நல்லது. பிளக், ஒயர், எர்த் இவற்றில்தான் கோளாறு. இதற்கு ஒரு பைசா செலவில்லை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒரு உறுப்பினரின் லோடு வண்டியில் இடது லைட் எரியவில்லை. கொண்டுபோன கடையில், "முழு யூனிட்டும் மாத்தணும், ரெண்டு பக்கமும் மாத்துனாத்தான் ஒண்ணு போல இருக்கும்" என்று சொல்லி ஆயிரக்கணக்கில் தொகை கேட்டார்கள். அந்த அக்கா, "யோசிச்சுச் சொல்லுதேன் அண்ணாச்சி" என்று வண்டியை எடுத்து வந்துவிட்டார். வீட்டில் பல்பை மாற்றிப் போட்டுப் பார்த்ததில், கோளாறு இடது பக்கத்திலேயே நின்றது. பிளக்கைப் பிரித்தால் செம்புப் பின் பச்சை பூத்துக் கிடந்தது. உப்புத்தாளால் தேய்த்து மாட்டினார், எரிந்துவிட்டது. எல்லாக் கடையும் இப்படி என்று நான் சொல்லவில்லை. நேர்மையான மெக்கானிக்குகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் என்ன கோளாறு என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போவதற்கும், தெரியாமல் போய் நிற்பதற்கும் வித்தியாசம் உண்டு.

ஃபியூஸ், ரிலே, பிளக் பார்ப்பது

ஃபியூஸ் பெட்டியின் மூடியில் படம் இருக்கும். ஹெட்லைட் படம் போட்ட ஃபியூஸை நேராக இழுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். உள்ளே உள்ள வளைந்த கம்பி அறுந்திருந்தால் மாற்ற வேண்டும். நிறம் ஆம்பியரைச் சொல்லும். சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20. சிவப்பு இருந்த இடத்தில் சிவப்பு மட்டும்தான். புது ஃபியூஸும் உடனே போனால் எங்கோ ஒயர் உடம்பில் உரசுகிறது. மறுபடி மறுபடி ஃபியூஸ் போட்டுக்கொண்டிராமல் எலக்ட்ரீஷியனிடம் போங்கள்.

ரிலே ஒரு சின்னச் சதுரப் பெட்டி. லைட் போடும்போது "டிக்" என்று சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால், அதே எண் எழுதிய வேறு ரிலே (சில வண்டிகளில் ஹாரனுக்கு உள்ளது) இருந்தால் அதை எடுத்து மாட்டிப் பாருங்கள். எரிந்தால் பழைய ரிலேதான் போயிருக்கிறது.

பிளக்கைப் பார்க்க, லைட்டைப் போட்டுவிட்டு, டெஸ்ட் லேம்ப் முனையால் பிளக்கின் ஓட்டைகளைத் தொடுங்கள். டிம் போட்டால் ஒன்றில், பிரைட் போட்டால் மற்றொன்றில் எரிய வேண்டும். எரிந்தும் பல்பு எரியவில்லை என்றால் எர்த் பக்கம் பாருங்கள். எர்த் ஒயர் வண்டி உடம்பில் போல்ட் போட்ட இடத்தைக் கழற்றி, துருவைத் தேய்த்து, இறுக்கிவிடுங்கள். பிளக் கருகியோ உருகியோ இருந்தால் தேய்த்துப் பயனில்லை, புது பிளக் போட வேண்டும்.

பல்பு மாற்றும் படிகள்

வண்டிக்கு வண்டி வழி கொஞ்சம் மாறும். சிலவற்றில் முன்பக்க மூடியைத் திறந்தாலே ஹெட்லைட்டின் பின்பக்கம் தெரியும். சிலவற்றில் யூனிட்டின் ஸ்குரூக்களைக் கழற்றி முன்னால் இழுக்க வேண்டும். வண்டியோடு தந்த புத்தகத்தில் படம் இருக்கும். பிறகு எச்-4 பல்புக்கு உள்ள முறை இதுதான்:

1. மூன்று பின் பிளக்கைப் பிடித்து நேராக இழுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள்.
2. ரப்பர் மூடியைக் கழற்றுங்கள். எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.
3. பல்பை அழுத்திப் பிடித்திருக்கும் கம்பி கிளிப்பை உள்ளே அழுத்தி, பக்கவாட்டில் விடுவியுங்கள்.
4. பழைய பல்பை எடுங்கள். அதில் எழுதியிருப்பதை வாசித்து, அதே அளவுதான் புதிதும் என்று உறுதி செய்யுங்கள்.
5. புதுப் பல்பை உலோக அடியில் மட்டும் பிடியுங்கள். கண்ணாடியில் விரல் படக்கூடாது. நம் விரல் எண்ணெய் பட்ட இடம் மட்டும் அதிகம் சூடாகிப் பல்பு சீக்கிரம் போகும், வெடிக்கவும் செய்யலாம். தெரியாமல் பட்டுவிட்டால் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து உலர விடுங்கள்.
6. பல்பின் வளையத்தில் மூன்று காதுகள் இருக்கும். அவை ஒரே ஒரு விதமாகத்தான் உட்காரும். உட்காரவில்லை என்றால் திருப்பிப் பாருங்கள். பலவந்தம் வேண்டாம்.
7. கிளிப்பை மாட்டி, ரப்பர் மூடியைச் சுற்றிலும் நன்றாக அழுத்தி, பிளக்கைச் செருகுங்கள்.
8. எல்லாவற்றையும் மூடும் முன் டிம், பிரைட் போட்டுப் பாருங்கள்.

முதல் தடவை ஒரு மணி நேரம் ஆகலாம். இரண்டாம் தடவை பத்து நிமிஷ வேலை. பகல் வெளிச்சத்தில், அவசரம் இல்லாத நாளில் ஒரு தடவை கழற்றி மாட்டிப் பழகுங்கள்.

வெளிச்சம் எங்கே விழுகிறது?

பல்பு மாற்றியதும் வேலை முடிந்துவிடவில்லை. சமதளத்தில், சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். ஹெட்லைட்டின் நடுப்பகுதி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, அதே உயரத்தில் சுவரில் சாக்பீஸ் கோடு போடுங்கள். டிம் போட்டால் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். மேலே விழுந்தால் எதிரே வருகிறவர் கண் கூசும். ரொம்பக் கீழே விழுந்தால் நமக்கு ரோடு தெரியாது. ஹெட்லைட்டின் பின்னால் உள்ள ஸ்குரூவைத் திருகிச் சரிசெய்யலாம்.

லோடு வண்டிக்காரர்களுக்கு ஒரு முக்கியக் குறிப்பு. பின்னால் வாழைத்தார் ஏற்றியதும் வண்டியின் மூக்கு தூக்கிக்கொள்ளும். வெற்று வண்டியில் சரியாக வைத்த லைட், லோடு ஏற்றியதும் எதிராளி கண்ணில் அடிக்கும். ஆகவே வழக்கமாக ஏற்றும் லோடோடு சோதியுங்கள். சில வண்டிகளில் டேஷ்போர்டிலேயே லைட்டை ஏற்றி இறக்கும் சின்னத் திருகு இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள். எதிரே வண்டி வந்தால் டிம்முக்கு மாறுங்கள். எதிரே வருகிறவர் கண் கூசினால் அந்த நேரத்தில் ரோட்டோரம் நடந்து போகிற நம் பெண்கள் அவருக்குத் தெரியமாட்டார்கள்.

செய்யக் கூடாதவை

ஃபியூஸுக்குப் பதில் ஒயர் துண்டு, சிகரெட் அட்டை வெள்ளித்தாள் வைப்பது தீயைக் கூப்பிடுவது போல. ஃபியூஸ் எரிய வேண்டிய இடத்தில் வண்டி எரியும்.

55 வாட் இடத்தில் 90, 100 வாட் பல்பு போடாதீர்கள். 55-ஐ 12-ஆல் வகுத்தால் 4.6 ஆம்பியர். 100-ஐ 12-ஆல் வகுத்தால் 8.3 ஆம்பியர். ஏறக்குறைய இரண்டு மடங்கு கரண்ட் அதே மெல்லிய ஒயரில் போகும். பிளக் உருகும், சுவிட்ச் கருகும்.

ஹாலஜன் பல்புக்காகச் செய்த டூமில் கடையில் விற்கும் வெள்ளை எல்.இ.டி. பல்பைச் செருகாதீர்கள். வெளிச்சம் சிதறி எதிரே வருகிறவர் கண்ணைக் குருடாக்கும். சோதனையில் அபராதமும் வரும்.

புது மாடல் கார்களில் தொழிற்சாலையிலேயே எல்.இ.டி. ஹெட்லைட் மூடி முத்திரை வைத்து வருகிறது. அதை வீட்டில் பிரிக்க முடியாது. ஃபியூஸ் மட்டும் பார்த்துவிட்டு சர்வீஸுக்குக் கொண்டு போங்கள். வாரண்டி இருந்தால் காட்டுங்கள். பேட்டரியில் ஓடும் மின்சார ஆட்டோ, கார்களில் ஆரஞ்சு நிற கேபிளை எக்காரணம் கொண்டும் தொடக் கூடாது. அதில் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்சாரம் இருக்கும்.

மொபெட், ஸ்கூட்டர் வைத்திருக்கும் சகோதரிகளுக்கு: 2017 ஏப்ரல் முதல் வரும் புது இரு சக்கர வண்டிகளில் இன்ஜின் ஓடும்போதெல்லாம் லைட் தானாக எரியும். அது கோளாறு இல்லை. அதை நிறுத்த ஒயரை அறுக்காதீர்கள். சில வண்டிகளில் உள்ள 35 வாட் பல்பு பார்க்க எச்-4 போலவே இருக்கும். அதில் கார் பல்பைப் போட்டால் டூம் உருகிவிடும்.

மழைக் காலமும் மஞ்சள் கண்ணாடியும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த மழையை நாம் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பெய்தது. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. அப்படி வெள்ளத்தில் நின்ற வண்டியில் ஹெட்லைட், பிளக், ஃபியூஸ் பெட்டி எல்லாவற்றிலும் ஈரமும் மண்ணும் ஏறும். அந்த நேரம் உலர்ந்து எரிந்தாலும், மாதங்கள் கழித்துப் பின்கள் பச்சை பூத்துக் கோளாறு காட்டும். வெள்ளத்தில் நின்ற வண்டியின் பிளக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சுத்தம் செய்வது நல்லது.

சாதாரண மழையில் கண்ணாடிக்குள் லேசாகப் பனி படிந்தது போல் இருந்து, லைட் எரிந்ததும் மறைந்தால் பயமில்லை. தண்ணீர் தேங்கி நின்றால் ரப்பர் மூடி கிழிந்திருக்கிறது அல்லது கண்ணாடி விளிம்பு விட்டிருக்கிறது. ஐப்பசி பிறக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

இப்போது வரும் ஹெட்லைட் மூடிகள் கண்ணாடி இல்லை, பிளாஸ்டிக். நம்ம ஊர் வெயிலில் அவை மஞ்சளாகும். பல்பு நல்லதாக இருந்தும் வெளிச்சம் வெளியே வராது. 1000, பிறகு 2000 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்து, பாலிஷ் போட்டால் தெளியும். பற்பசையால் தேய்த்தாலும் கொஞ்ச நாளைக்குத் தெளிவு கிடைக்கும். பெட்ரோல், தின்னர் தொடவே வேண்டாம். முடிந்தால் வண்டியை நிழலில் நிறுத்துங்கள்.

நடு ரோட்டில் இரண்டும் அணைந்துவிட்டால்

பதறாமல் பிரைட்டுக்கு மாற்றிப் பாருங்கள். டிம் போனாலும் பிரைட் எரியலாம். அதுவும் இல்லை என்றால் இண்டிகேட்டர் நாலும் மினுக்கும் சுவிட்சைப் போட்டு, ரோட்டை விட்டு முழுவதும் இறங்கி நிறுத்துங்கள். வண்டிக்குள் உட்கார்ந்திருக்காமல் ரோட்டிலிருந்து தள்ளி நில்லுங்கள். சிவப்பு முக்கோணப் பலகையைப் பின்னால் தூரத்தில் வையுங்கள். "முன்னால போற பஸ்ஸு வெளிச்சத்துலயே போயிருவோம்" என்ற தைரியம் வேண்டாம். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033. அடிபட்டவர் இருந்தால் 108.

குழுவும் கூட்டமைப்பும் செய்யக்கூடியது

வாகன மின்சாரம் நம் மாவட்டத்துக்குப் புதிது இல்லை. திருக்குறுங்குடியில் 1877-ல் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911-ல் மதுரையில் தொடங்கியதுதான் டி.வி.எஸ். தொழில். வண்டிகளுக்கான மின் சாதனங்கள் செய்யும் லூகாஸ் டி.வி.எஸ். 1961-ல் அந்தக் குழுமத்திலிருந்து வந்தது. நம் வீட்டு ஆண்கள் பலர் இந்தத் தொழிலில் வேலை கற்றார்கள். நம் கைக்கும் அது வரும்.

ஒவ்வொரு ஊராட்சிக் கூட்டமைப்பும் ஒரு பெட்டி வைக்கலாம். எச்-4 பல்பு இரண்டு, மூன்று நிற ஃபியூஸ், டெஸ்ட் லேம்ப், ஸ்குரூ டிரைவர், கையுறை. எடுத்தவர் காசு கொடுத்து மறுபடி வாங்கி வைக்க வேண்டும். வண்டிக் கடன் வாங்கிய உறுப்பினர் ஒரு "வண்டி நோட்டு" போட்டு, எந்தத் தேதியில் எந்தப் பல்பு, என்ன விலை, எந்தப் பக்கம் என்று எழுதட்டும். ஒரே பக்கம் மூன்று தடவை போயிருந்தால் நோட்டே கோளாறைக் காட்டிக்கொடுக்கும். கடையில் பழைய பொருளைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள், பில்லும் கேளுங்கள்.

மாதக் கூட்ட நாளில், கூட்டம் முடிந்து இருட்டியதும் உறுப்பினர்களின் வண்டிகளைச் சுவருக்கு நேரே நிறுத்திப் பாருங்கள். ஒரு வண்டிக்கு ஐந்து நிமிஷம் போதும்.

கூட்டத்தில் கலந்து பேச

1. நம் குழு உறுப்பினர் வீடுகளில் எத்தனை வண்டிகள் இருட்டில் ஓடுகின்றன? அவற்றில் ஒற்றை லைட்டோடு ஓடுவது எத்தனை?
2. இடது பக்க டிம் மட்டும் எரியவில்லை. முதலில் எதைப் பார்ப்பீர்கள்?
3. இரண்டு பக்கமும் எரியவில்லை, ஹாரன் அடிக்கிறது. எங்கிருந்து தொடங்குவீர்கள்?
4. 15 ஆம்பியர் ஃபியூஸ் கையில் இல்லை, 20 மட்டும் இருக்கிறது. போடலாமா? ஏன் கூடாது?
5. நம் ஊர் ரோட்டில் இரவில் நடப்பவர்கள் வண்டிக்காரர் கண்ணில் பட என்ன செய்யலாம்?

பதில்கள் எல்லாம் இந்தப் பாடத்திலேயே இருக்கின்றன. ஐந்தாவது கேள்விக்கு மட்டும் உங்கள் குழுதான் பதில் சொல்ல வேண்டும். வெளிர் நிறச் சேலை, கையில் டார்ச், வண்டிக்கு எதிர்த் திசையில் நடப்பது என்று தொடங்கிப் பேசுங்கள். தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது கொண்டு வாருங்கள்.